தொழும்பும் உரிமையும்: கோணேசர் கல்வெட்டிற் காணப்படும் கடப்பாடுகள்

திருகோணமலைப் பிரதேசத்துப் பழைய நூல்களுள் கோணேசர் கல்வெட்டு அளவிற்கு ஆய்வாளராலும் சமயத்தவராலும் எடுத்தாளப்பட்டது பிறிதொன்றில்லை எனலாம். ஆயினும் அவ்வெடுத்தாளுகை பெரும்பாலும் ஒரு நோக்கம் பற்றியதாகவே இருந்துவந்துள்ளது. குளக்கோட்டன் யார், அவன் எக்காலத்தவன், கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் அவன்தானா, கிழக்கிலங்கை வன்னிமைகள் எவ்வாறு தோன்றின என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோரே இந்நூலை விரும்பிப் புரட்டியுள்ளனர். வரலாற்றாசிரியருக்கு இது ஒரு சான்றுச் சுரங்கம். சமயப் பற்றுடையோருக்குப் புனித ஏடு. இலக்கிய மாணவரோ இதனைப் பெரிதும் பொருட்படுத்தினாரல்லர். செய்யுட் சிறப்புக் குறைந்தது, உரைநடைப் பகுதி வெறும் பட்டியல், தலபுராணங்களுக்குரிய கற்பனை வளமும் இல்லை என்பன அவர்தம் புறக்கணிப்பிற்குக் காரணங்களாயின.

அப்பட்டியலே நமது அக்கறைக்குரியது. யார் நெல் கொடுத்தல் வேண்டும், யார் அதனைக் குற்றுதல் வேண்டும், யார் எண்ணெயும் மலரும் கொணர்தல் வேண்டும், யார் கணக்கெழுதுதல் வேண்டும், தவறினோர்க்கு என்ன நேரும் என்று ஒரு நூல் முறைப்படுத்திக் கூறுமாயின், அது கடப்பாடு பற்றிய நூலாகும். மனிதனை மற்றொரு மனிதனுடன், அல்லது ஒரு நிறுவனத்துடன், பிணைப்பது எது? அவனது மனச்சான்றா, அரசனின் ஆணையா, பிறப்பா, அவன் உழும் நிலமா? அறநெறியால் வரும் கடப்பாட்டிற்கும் சட்டத்தால் வரும் கடப்பாட்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தத்துவ நூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளன. ஜேர்மன் தத்துவஞானி கான்ற் 1797இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், புறத்தே நின்று வற்புறுத்தக்க கடமைகளை ஒரு பாலாகவும், அகத்தே தானே தன்மீது விதித்துக்கொள்ளும் கடமைகளை மற்றொரு பாலாகவும் வகுத்தார். இப்பாகுபாடு எல்லாச் சமுதாயங்களுக்கும் பொருந்துமா என்பதை ஒரு தமிழ் நூலை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்கள் கூறும் வரலாறு

நூலினுட் புகுமுன் சில சொற்களை நாம் கவனித்தல் தகும். இன்று ‘கடமை’ என்னும் சொல் நமக்கு ஒழுக்கம் சார்ந்ததாகவே தோன்றுகின்றது. பெற்றோர் கடமை, பிரசைகளின் கடமை என்று பேசுகின்றோம். ஆயின் சோழர் காலச் சாசனங்களில் ‘கடமை’ என்பது நிலவரியைக் குறித்த சொல்லாகும். ‘குடிமை’ என்பதும் அவ்வாறே குடிகள் இறுக்கவேண்டிய பாரத்தைக் குறித்தது. அஃதாவது, வரி கொடுத்தலைக் குறித்த சொல் பின்னர் வாழ்வொழுக்கத்தின் பெயராயிற்று. வரி வசூலித்தவன் மறைந்த பின்னரும் அவன் விட்டுச்சென்ற சொல் நமது நெஞ்சில் நின்று பணிக்கின்றது.

‘கடன்’ என்னும் சொல்லோ இதனினும் பழையது; பொருள் விரிந்தது. புறநானூற்றில் பொன்முடியார் பாடலொன்று தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் உரிய கடனை நிரல்படக் கூறுகின்றது. வீரயுகச் சமுதாயத்தின் தொழிற்பிரிவினையை ஒரு தாயின் வாய்மொழியாக அப்பாடல் அமைத்திருப்பது மனங்கொள்ளத்தக்கது. வேல் வடிக்கும் கொல்லனும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றான். எல்லோர் கடனும் சென்று முடிவது போர்க்களத்தில். அப்பர் தேவாரத்திலே கடன் என்பது இருமுகப்பட்டு நிற்கின்றது: அடியவனுக்குத் தொண்டு கடன் எனின், அவனைத் தாங்குதல் இறைவனுக்குக் கடன். திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரமோ, ‘கடப்பாடு’ என்னும் சொல்லைக் கைம்மாறு கருதாத செயலுக்கு வழங்கி, மழையை அதற்கு உவமையாக்குகின்றது.

இம்மூன்றும் மூன்று வேறு சமுதாய உறவுகளைக் காட்டுவன. முதலாவதில் குழுவினுள் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு உண்டு; இரண்டாவதில் மேலோனுக்கும் கீழோனுக்கும் இடையே பரிமாற்றம் உண்டு; மூன்றாவதில் கொடுப்பவன் பக்கமே பேசப்படுகின்றது. கோணேசர் கல்வெட்டில் வரும் ‘தொழும்பு’ முதலிய வழக்குகளை இம்மரபின் தொடர்ச்சியாகவே நாம் நோக்கவேண்டும். தொழும்பு என்பது அடிமைத்தனத்திற்கும் பெயர். அடியவரின் திருத்தொண்டிற்கும் பெயர். ஒரே சொல் இரண்டையும் குறிக்கக்கூடியதாய் இருந்தமை தற்செயலான மொழி விபத்தன்று.

2. கல்லில் எழுதியதும் ஏட்டில் எழுதியதும்

கோணேசர் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டப்பட்டதன்று. கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் இந்நூல் செய்யுளும் உரைநடையும் விரவியது. ஏட்டுச் சுவடிகளில் வழங்கிவந்தது. இதன் இன்றைய வடிவம் ஒரு காலத்தில் ஒருவராலேயே முழுமையாக எழுதப்பட்டதன்று என்பதனை நடை வேறுபாடுகளே உணர்த்தும். அவ்வாறாயின் ஓர் ஏட்டு நூல் தன்னைக் ‘கல்வெட்டு’ என்று ஏன் பெயரிட்டுக்கொண்டது?

இவ்வினாவிற்கு விடை காண அப்பிரதேசத்து உண்மையான கல்வெட்டுக்களோடு அதனை ஒப்பிடுதல் வேண்டும். நிலாவெளியிற் கிடைத்த சோழர் காலச் சாசனம் கோணமாமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் குறிக்கின்றது. பாலமோட்டைச் சாசனம் முதலாம் விஜயபாகுவின் ஆட்சிக்காலத்தது. பிராமணக் கைம்பெண் ஒருத்தி தன் கணவன் நினைவாகக் கந்தளாய்ச் சிவாலயத்திற்குச் செய்த அறக்கொடையைப் பதிவு செய்து, அதனைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினரிடம் அது ஒப்புவிக்கின்றது. கங்குவேலிச் சாசனம் வன்னியனாரும் அடப்பர்களும் கோணநாதருக்கு நிலம் விட்டதைக் கூறுகின்றது.

இச்சாசனங்களின் அமைப்பு ஏறத்தாழ ஒரே தன்மைத்து. கொடுத்தவர் யார், கொடுத்த பொருள் எது, பெற்றவர் யார், காப்பவர் யார் என்பன தெளிவாக உள்ளன. அறம் செய்யும் விருப்பம் கொடுத்தவரின் மனத்தில் தோன்றியது. அது நிலைபெறுவதற்கோ படையின் வலிமை வேண்டியிருந்தது. கணவனின் நினைவிற்காக ஒரு பெண் வைத்த பொருளைக் கூலிப்படையினர் காத்து நிற்கும் காட்சி, அறக்கடப்பாடும் சட்டக்கடப்பாடும் அக்காலத்தில் எவ்வாறு ஒன்றையொன்று பற்றி நின்றன என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கான்ற் வகுத்த அகமும் புறமும் அங்கு இருவேறு பகுதிகளாய் இருக்கவில்லை. ஒரே கல்லின் மேற்பாதியும் கீழ்ப்பாதியுமாக இருந்தன.

கோணேசர் கல்வெட்டோ இவ்வமைப்பைத் தலைகீழாக்குகின்றது. சாசனங்கள் கொடையாளரின் செயலைப் பதிவு செய்கின்றன. இந்நூல் உழைப்பாளரின் கடமையைப் பதிவு செய்கின்றது. சாசனம் ஒரு குறிப்பிட்ட ஆண்டிற்கு உரியது. இந்நூல் குளக்கோட்டனின் திருப்பணியைக் கலியுகம் 512ஆம் ஆண்டிற்குக் கொண்டுசெல்கின்றது. அவ்வாண்டை வரலாற்றுக் காலமாக ஏற்பார் இன்று இலர். திருகோணமலைக் கோட்டையிற் கிடைத்த வடமொழிச் சாசனமொன்று சோடகங்கன் என்பான் சக ஆண்டு 1145இல், அஃதாவது கி.பி. 1223இல், இவ்விடம் வந்ததைக் குறிப்பதும், அவனே குளக்கோட்டனாதல் கூடும் என்று ஆய்வாளர் கருதியதும் யாவரும் அறிந்ததே. ஆயின் பிழையான ஓர் ஆண்டு என்று கூறி நாம் அதனைத் தள்ளிவிடுதல் போதாது. வழமை எவ்வளவு பழையதோ அவ்வளவிற்கு அதன் கட்டுப்படுத்தும் ஆற்றல் மிகும் என்று நம்பிய சமுதாயத்திலே தொன்மை சட்டத்தின் வேலையைச் செய்கின்றது. கேள்வி கேட்கவியலாத தூரத்திற்குத் தொடக்கத்தைத் தள்ளுவதே அவ்வாண்டின் பயன். ‘கல்வெட்டு’ என்னும் பெயரும் அத்தகையதே. ஏட்டின் மென்மைக்குக் கல்லின் உறுதியை அது கடன் வாங்கித் தருகின்றது.

3. நூல் கூறும் ஏற்பாடு

நூற்பொருளைச் சுருக்கமாக நோக்குவாம். சோழ இளவரசனான குளக்கோட்டன் திரிகோணமலையின் பெருமையைக் கேட்டு வந்து திருக்கோயில் எடுப்பிக்கின்றான். கந்தளாயிற் குளம் அமைக்கின்றான். அதன் நீர் பாயும் வயல்களைக் கோயிலுக்கு உரியனவாக்குகின்றான். சோழ நாட்டு மருங்கூர் முதலிய இடங்களிலிருந்து குடிகளை வருவித்து, அவர்களைத் தானத்தார், வரிப்பத்தார் என்னும் பிரிவுகளாக நியமிக்கின்றான். கோயிற் பண்டாரத்தையும் கணக்கையும் மேற்பார்வையையும் பேணுதல் ஒரு சாராருக்கு. நெல், எண்ணெய், மலர் முதலியவற்றை வழங்குதலும் பல்வேறு ஊழியங்களைச் செய்தலும் மற்றொரு சாராருக்கு. திருகோணமலை, கட்டுக்குளப்பற்று, கொட்டியாரம், தம்பலகாமம் ஆகிய பற்றுக்கள் இவ்வேற்பாட்டினுள் அடங்குகின்றன. பின்னர்க் கயவாகு மன்னன் வந்து கோயிலுக்கு மேலும் வழங்கியதாக நூல் தொடர்கின்றது.

இதிலே நமது சிந்தனையைக் கவர்வது தனியுண்ணாப் பூபாலன் பற்றிய செய்தியாகும். தானத்தார்க்கும் வரிப்பத்தார்க்கும் வழக்குகள் ஏற்படின் அவற்றை விசாரித்து நீதி வழங்குவதற்கு ஒருவன் தேவையென உணர்ந்து, குளக்கோட்டன் மதுரையிலிருந்து அவனை வரவழைத்து அதிகாரத்தில் அமர்த்தினான் என்கின்றது நூல். இச்செய்தியின் முக்கியத்துவம் போதியளவு உணரப்படவில்லை என்றே கருதுகின்றோம். தொழும்பு யாவும் பத்தியால் மனமுவந்து செய்யப்படுவன என்று பேசிக்கொண்டு வரும் நூல், திடீரெனப் பிணக்கு ஏற்படும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றது. கண்காணிப்போனுக்கும் உழைப்போனுக்கும் இடையில் உள்ள முரண்பாடு தெய்வ சந்நிதியிலும் தீர்ந்தபாடில்லை. அதனைத் தீர்க்க மூன்றாமவன் ஒருவன், இரு சாராருக்கும் புறத்தேயிருந்து, வேண்டியவனாகின்றான். அரசு என்னும் நிறுவனம் எவ்வாறு வர்க்க முரண்பாட்டின் நடுவே, அம்முரண்பாட்டிற்கு மேலே நிற்பது போன்ற தோற்றத்துடன், எழுகின்றது என்று எங்கெல்ஸ் 1884இல் எழுதிய நூலில் விளக்கினார். அவ்விளக்கத்தைப் படித்திராத ஒரு கீழைத்தேசத்துப் புலவன் அதே நிகழ்ச்சியைத் தன் மொழியிற் பதிவுசெய்திருக்கின்றான்.

அந்நீதிபதிக்கு வழங்கப்பட்ட பெயரும் நோக்கத்தக்கது. தனித்து உண்ணாமை தமிழ் மரபிலே மிகப் பழைய அறம்; பகிர்ந்துண்ட குழுவாழ்க்கையின் நினைவு அது. அந்நினைவு இங்கு அதிகாரியின் பெயராக அணியப்படுகின்றது. பங்கீடு சமனற்றுப்போன காலத்திலே பங்கிட்டுண்ணும் அறம் ஆள்வோனின் விருதுப் பெயராக மாறுகின்றது. அறம் சட்டமாக மாறும் தருணத்தை இப்பெயர் ஒன்றே காட்டிநிற்கின்றது.

4. கொச்சை மார்க்சியத்தின் எல்லை

இவ்விடத்து முற்போக்கு விமர்சனம் வழக்கமாகக் கூறும் விடை எளிதானது. நிலவுடைமைச் சமுதாயத்தில் உழைப்பின் உபரியைப் பறிப்பதற்குச் சமயம் போர்த்திய போர்வையே தொழும்பு. கோணேசர் கல்வெட்டு அப்போர்வையின் நூற்பிரதி. இவ்விடை பொய்யன்று. மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் உழைப்பு வாரம் பற்றிக் கூறுமிடத்து, உற்பத்திச் சாதனங்கள் உழைப்பவன் கையிலேயே உள்ள சமுதாயங்களில் உபரியைப் பெறுவதற்குப் பொருளாதாரத்திற்குப் புறம்பான வற்புறுத்தல் அவசியமாகின்றது என்று விளக்குவார். வரிப்பத்தான் தனது வயலைத் தானே உழுபவன். பட்டினி அவனைக் கோயில் வாசலுக்குத் துரத்தவில்லை. எனவே பிறப்பும் வழமையும் தெய்வ சாபமும் அவனைத் துரத்தவேண்டியிருந்தது. பேராசிரியர் கைலாசபதி ‘பேரரசும் பெருந்தத்துவமும்’ என்னும் கட்டுரையில் சோழப் பேரரசின் அமைப்பிற்கும் சைவசித்தாந்தத்தின் அமைப்பிற்கும் உள்ள இயைபை எடுத்துக்காட்டியதன் பின்னர், இவ்வுண்மை நமக்குப் புதியதுமன்று.

ஆயினும் அவ்விடையோடு நின்றுவிடுவோமாயின் நூலிற் பாதியையே படித்தவராவோம். போர்வை என்று கூறும்போது, போர்த்தப்பட்டவன் அதனுட் குருடனாய் இருந்தான் என்றும் கூறிவிடுகின்றோம். கடப்பாட்டைக் குறித்துவைக்கும் எந்தப் பட்டியலும் இருபக்கமும் வெட்டும் வாள் போன்றது. இன்ன குடி இன்ன வேலை செய்தல் வேண்டும் என்று எழுதப்பட்டதும், அவ்வேலைக்கு மேல் அக்குடியைக் கேட்கமுடியாது என்பதும் எழுதப்பட்டதாகின்றது. இன்ன வயல் ஊழியத்திற்கு விடப்பட்டது எனின், ஊழியம் செய்பவனை அவ்வயலிலிருந்து எழுப்ப முடியாது. தம்பலகாமத்துக் கோணேசர் கோயிலிலும் கந்தளாய்க் குளத்துச் சடங்குகளிலும் இன்ன பணி இன்ன குடும்பத்தாருக்கு உரியது என்னும் வழக்கு நெடுங்காலம் நின்றுவந்தது. அங்கு ‘எங்கள் தொழும்பு’ என்பதும் ‘எங்கள் உரிமை’ என்பதும் ஒரே பொருளிற் பேசப்பட்டன. சுமையாக வந்தது உரித்தாகப் பற்றிக்கொள்ளப்படுகின்றது.

ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட நூலொன்றில், சட்டம் வெளிப்படையாகவே ஒருபக்கச் சார்பாக இருப்பின் அது எதனையும் மறைக்கவும் மாட்டாது, எவரையும் இணங்கச் செய்யவும் மாட்டாது என்று வாதிட்டார். ஆளும் வர்க்கம் தனக்கெனச் செய்த விதி அவ்வர்க்கத்தின் கைகளையும் ஓரளவிற்குக் கட்டிவிடுகின்றது. கோணேசர் கல்வெட்டில் குற்றம் செய்த தானத்தாரும் தெய்வக் குற்றத்திற்கு ஆளாகின்றனர் என்பதை நாம் இவ்வெளிச்சத்திலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். பொருளாதார அடித்தளமே இறுதியில் தீர்மானிப்பது எனினும் அதுவொன்றே தீர்மானிப்பதன்று என எங்கெல்ஸ் 1890இல் புளொக்கிற்கு எழுதிய கடிதத்தில் எச்சரித்ததும் இதுபற்றியே.

எனினும் இவ்விருபக்கத் தன்மையை மிகைப்படுத்துதலும் தவறாகும். சோவியத் சட்ட அறிஞர் பசுக்கானிஸ் 1924இல் எழுதிய நூலில், சட்ட வடிவம் சரக்குப் பரிமாற்றத்திலிருந்து எழுவது என்றும், ஒருவரையொருவர் சமமான உடைமையாளராக ஏற்றுக்கொள்ளும் இருவர் அதற்கு வேண்டும் என்றும் கூறினார். கோணேசர் கல்வெட்டில் அத்தகைய இருவர் இலர். எவரும் எதற்கும் உடன்பட்டுக் கையெழுத்திடவில்லை. பிறப்பே அங்கு ஒப்பந்தம். தலைமுறையே அதன் தவணை. பட்டியலின் அடித்தட்டில் உள்ளோர் தாம் செய்யும் வேலையால் மாத்திரமே நூலில் இடம்பெறுகின்றனர். அவர்தம் குரல் ஒரு வரியிலும் கேட்பதில்லை. தானத்தாரின் மொழியில் எழுதப்பட்ட நூல் இது என்பதை நாம் மறத்தலாகாது. வரிப்பத்தான் எழுதியிருப்பின் அதன் வரிசைமுறை வேறாக இருந்திருக்கும்.

5. கோயில் இடிந்த பின்

1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தான். அதன் கற்கள் அடுத்துக் கட்டப்பட்ட கோட்டைக்குப் பயன்பட்டன. கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் இணைக்கயற் சின்னமும் சிதைந்த சாசனப் பகுதியும் அவ்வழிவின் எச்சங்களாகும். கோயில் இல்லை, பண்டாரம் இல்லை, நீதி வழங்கும் பூபாலனும் நாளடைவில் ஒல்லாந்தரின் கீழ்ப்பட்ட வன்னிபமானான். இவ்வளவிற்குப் பின்னரும் தொழும்புப் பட்டியல் ஏடுகளிற் பெயர்த்தெழுதப்பட்டு வந்தது.

இது சிந்திக்கத்தக்கது. நிறைவேற்றுவிக்கும் அதிகாரம் அற்றுப்போன சட்டம் யாதாகின்றது? அது நினைவாகின்றது, நினைவு அறமாகின்றது. கோயில் நின்ற காலத்தில் வற்புறுத்தலாக இருந்த ஒன்று, கோயில் வீழ்ந்தபின் ஒரு சமூகத்தின் தன்னடையாளமாக மாறியது. 1950இல் திருகோணமலை நகரிற் கிணறு தோண்டுமிடத்து விக்கிரகங்கள் வெளிப்பட்டதும், 1963இல் புதிய கோயிலிற் குடமுழுக்கு நடைபெற்றதும் அந்நினைவின் மேல் எழுந்த நிகழ்ச்சிகளே. சட்டம் முதலில் வந்து அறம் அதன் சாயலாகப் பின்னர் வருவதும் உண்டு என்பதற்கு இந்நூலின் வரலாறு சான்று பகர்கின்றது.

அதே காலத்திலே புதிய வற்புறுத்தல்கள் தோன்றின. ஒல்லாந்தர் காலத்தில் ‘ஊழியம்’ என்னும் தமிழ்ச் சொல்லே அரசாங்கத்திற்குச் செய்யும் கட்டாய வேலையின் பெயராயிற்று. 1707இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமை தொகுக்கப்பட்டபோது, வழமை முதன்முறையாக அயலவன் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் நூலாயிற்று. பிரித்தானியர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தனர். ஆயின் கண்டிப் பிரதேசத்து விகாரை, தேவாலய நிலங்களில் ஊழியக் கடமை நீடித்தது. 1870ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதனைப் பதிவேட்டிற் பதித்துப் பணமாக மாற்றிச் செலுத்த வழிசெய்தது. இங்கு ஒரு வேறுபாட்டைக் காணலாம். கண்டியிலே தொழும்பு சட்டமாகித் தொடர்ந்தது. திருகோணமலையிலே கோயிலும் இல்லை, அதன் நிலங்களும் அரசுடைமையாயின. எனவே தொழும்பு அறமாகவே எஞ்சியது. ஒரே வகையான கடப்பாடு ஓரிடத்தில் நீதிமன்றத்திற்கும் மற்றோரிடத்தில் மனச்சான்றிற்கும் உரியதாயிற்று எனின், அவ்வேறுபாட்டைக் கடப்பாட்டின் இயல்பிலன்றி ஆட்சியின் வரலாற்றிலேயே நாம் தேடவேண்டும்.

துறைமுகம் வேறொரு கடப்பாட்டைக் கொணர்ந்தது. பிரித்தானியக் கடற்படைத்தளம் கூலிக்கு ஆள் எடுத்தது. அங்கு யாரும் பிறப்பால் ஊழியம் செய்யவில்லை. உடன்பட்டு வேலை செய்தனர். இவ்வகையில் அது முன்னேற்றமே. ஆயின் 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது, அத்தளத்தை நம்பி வாழ்ந்த பலர் வேலையிழந்தனர். ஒப்பந்தம் முடிந்தது, கடப்பாடும் முடிந்தது. ‘எங்கள் உரிமை’ என்று சொல்லிப் பற்றிக்கொள்ள அங்கு எதுவும் இருக்கவில்லை. தொழும்பிலிருந்து விடுதலை பெற்றவன், தொழும்பு தந்த வயலிலிருந்தும் விடுதலை பெற்றுவிடுகின்றான்.

இம்மாற்றத்தின் மனித முகத்தை நாம் காண்பது மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் படைப்புக்களிலாகும். அவரது ‘தோணி’ என்னும் சிறுகதை, தனக்கென ஒரு தோணி வேண்டும் என்னும் மீனவ இளைஞனின் ஆசையை மையமாகக் கொண்டது. அக்கதையிற் சட்டம் இல்லை, நீதிபதி இல்லை, சாபமும் இல்லை. உடைமையின்மை ஒன்றே அவனைக் கட்டுகின்றது. கோணேசர் கல்வெட்டு பக்கம் பக்கமாக எழுதி நிலைநாட்ட முயன்ற பிணைப்பை இக்கதையிலே ஒரு மரக்கலத்தின் இன்மை அமைதியாகச் செய்து முடிக்கின்றது. புதிய சமுதாயத்தின் கடப்பாடு கண்ணுக்குப் புலப்படாதது என்பதே அதன் வலிமையாகும்.

6. முடிவாக

கடப்பாட்டினை ஆராய்வோர் ‘யார் யாருக்குக் கடமைப்பட்டவர்?’ என்று கேட்பதோடு அமையாது, ‘அதனை எழுதியவர் யார்?’ என்றும் கேட்டல் வேண்டும். கோணேசர் கல்வெட்டு உழைப்பவனின் கடமையை நுணுகிக் கூறி, ஆள்பவனின் கடமையைப் பொதுப்படக் கூறிற்று. ஆயினும் குளம் கட்டுதலும் அதனைப் பேணுதலும் ஆள்பவனின் பொறுப்பு என்பதை அது ஐயமின்றி ஏற்றது. நீர் இல்லையேல் தொழும்பும் இல்லை என்பது அதற்குத் தெரிந்திருந்தது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அப்பழைய பொறுப்பு நவீன அரசின் கோப்புகளில் எங்கு வைக்கப்பட்டிருந்தது என்னும் வினா எழுந்தது. மாண்டோர் எம்மொழி பேசினர் என்பது அவ்வினாவைச் சிறிதும் மாற்றாது. கயவாகுவைத் தன் கொடையாளருள் ஒருவனாக ஏற்ற நூல் வழங்கிய மண் அது.

ஆள்பவனின் கடமை எழுதப்படாமலும், எழுதப்பட்டும் நிறைவேற்றப்படாமலும் போவதன் விளைவை இத்துறைமுக மாவட்டம் நன்கறியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். அதே 2006 ஓகஸ்ற் மாதத்தில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். அதற்காக எவரும் தண்டிக்கப்பட்டிலர். உயிரைக் காக்கும் கடப்பாடும், காவாதவிடத்து விடையிறுக்கும் கடப்பாடும் இந்நாட்டுச் சட்டத்திலும் சர்வதேச உடன்படிக்கைகளிலும் எழுதப்பட்டுள்ளன. நிறைவேற்றுவிப்பார் இல்லாதபோது அவையும் ஏட்டுச் சுவடியின் நிலையையே அடைகின்றன. இறந்தோரின் பெற்றோர் ஆண்டுதோறும் விளக்கேற்றி அவற்றை நினைவாகக் காத்துவருகின்றனர்.

சட்டம் கைவிட்டதை அறம் காத்து வைத்திருப்பதும், பின்னொருநாள் அவ்வறம் மீண்டும் சட்டமாவதும் வரலாற்றில் நிகழாதனவல்ல. ஆயின் அது தானாக நிகழ்வதில்லை. வரிப்பத்தார் தம்மீது சுமத்தப்பட்ட தொழும்பைத் தலைமுறைகள் தோறும் பற்றிநின்று தமது உரிமையாக மாற்றினர். அவர்தம் பெயர்களை நூல் நமக்குத் தரவில்லை. ஏனைய பிரதேசங்களின் வழமைப் பத்ததிகளும் கோயிற் சாசனங்களும் கிராமச் சடங்குப் பாடல்களும் இந்நோக்கில், அஃதாவது உழைப்பவன் பக்கத்திலிருந்து, மீளப் படிக்கப்படுதல் வேண்டும். அப்பணி இலக்கிய மாணவருக்கு உரியது. அதனைக் கடன் என்று கூறுவதில் நாம் தயங்கவில்லை.